தியோங் பாருவில் புதுப்பித்த ஒரு படுக்கையறை வீடு, எடுக்கலாமா?

புதுக்குடித்தனம்:
வணக்கம். சிங்கப்பூரில், தியோங் பாருவின் பழைய எஸ்ஐடி (காலனிக் கால அரசு வீட்டு அமைப்பு) புளோக் ஒன்றில், மூன்றாம் மாடியில் ஒரு வீடு பார்த்தோம். உள்ளே எல்லாமே புதிது. சன்னலுக்கு வெளியே மரக்கிளை, சந்தை பக்கத்திலேயே. லிப்ட் இல்லை, அது பரவாயில்லை. வாடகை 3,500 வெள்ளி, 2 ஆண்டு ஒப்பந்தம். ஆனால் 'லைட் குக்கிங்' மட்டும்தானாம், நாங்களோ தினமும் சமைக்கிறவர்கள். அடுப்பும் இண்டக்‌ஷன். வேறு ஆட்களும் கேட்கிறார்கள், இன்றைக்கே முன்பணம் அனுப்புங்கள் என்று முகவர் நெருக்குகிறார். என்ன செய்யலாம்?

தேக்காகாரன்:
முதலில் காசு அனுப்பாதீங்க தம்பி. சிஇஏ (சொத்து முகவர்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பு) இணையத்தளத்தில் அவருடைய தொலைபேசி எண்ணைப் போட்டுப் பாருங்கள், பதிவு பெற்ற முகவர் என்றால் பெயர் வரும். அவர் வீட்டுக்காரருக்காகப் பேசுகிறாரா உங்களுக்காகவா என்பதையும் கேளுங்கள், ஒரே முகவர் இரண்டு பக்கமும் நிற்கச் சட்டத்தில் இடமில்லை. அந்தப் பேட்டையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளும் இருக்கின்றன. இது வீவக வீடு என்றால் முழு வீட்டையும் வாடகைக்கு விடக் குடிமக்களுக்குத்தான் அனுமதி, நிரந்தரவாசிக்குக் கிடையாது, கழகத்தின் ஒப்புதலும் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

மரத்தடி வாசி:
நானும் அந்தப் பக்கம்தான். எஸ்ஐடி புளோக்குகள் 1930களில் கட்ட ஆரம்பித்தவை, 2003இல் போருக்கு முந்திய புளோக்குகளைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆக, புதுப்பித்தது என்றால் உள்ளே மட்டும்தான். புது பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் அலமாரிக் கதவுகளைத் திறந்து மூக்கை நீட்டுங்கள், சுவரோடு ஒட்டிய மூலையில் பூசண வாடை வந்தால் மழைக்காலத்தில் துணியெல்லாம் நாறும். மரம் அழகுதான். ஆனால் நிழல் விழும் சன்னலோரம் ஈரம் காயாது, கொசுவலை இல்லாமல் சாயங்காலம் சன்னலைத் திறக்கவே முடியாது. ஏசியைப் பதினைந்து நிமிடமாவது ஓடவிட்டுத் தண்ணீர் சொட்டுகிறதா பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்வது பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்தான் விழும்.

இண்டக்‌ஷனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இரும்பு தோசைக்கல் அதில் நன்றாகவே சூடாகும். அலுமினியக் குக்கர்தான் வேலைக்கு ஆகாது.

புதுக்குடித்தனம்:
நன்றி அண்ணா, நன்றி மரத்தடி. லைட் குக்கிங்கை எப்படிக் கையாள்வது? கேட்டால் வீட்டையே தரமாட்டாரோ என்று பயமாக இருக்கிறது.

அஞ்சறைப்பெட்டி:
கேட்டே ஆகணும் தம்பி. அது எவ்வளவு என்று எங்கேயும் வரையறை கிடையாது, சிலருக்கு மேகி நூடுல்ஸ், சிலருக்குச் சாம்பார் வரைக்கும் சரி. நாங்கள் தினமும் தாளிப்போம், மீன் குழம்பு வைப்போம் என்று வாட்ஸ்அப்பில் நேரடியாகவே எழுதி வீட்டுக்காரரின் சம்மதத்தை வாங்கி, அந்த வரியை ஒப்பந்தத்தில் மாற்றச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்பினால் கிளம்பும்போது 'எண்ணெய்ப் பிசுக்கு' என்று டெபாசிட்டில் கை வைப்பார்கள், எனக்கு ஒரு வீட்டில் அப்படித்தான் வெட்டினார்கள். புகைபோக்கி வெளியே போகிறதா, வெறும் வடிகட்டிதானா என்றும் பாருங்கள். வடிகட்டி மட்டும் என்றால் கடுகு வெடிக்கிற வாசம் நேரே படுக்கையறைக்குத்தான், ஒற்றை அறை வீட்டில் அது வேறு எங்கே போகும்!

தேக்காகாரன்:
அக்கா சொன்னது சரி. இன்னும் இரண்டு. வேலை போய் ஊர் திரும்ப நேர்ந்தால் முன்கூட்டியே வெளியேற ஒப்பந்தத்தில் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்ற விதி வேண்டும், 2 ஆண்டு ஒப்பந்தத்தில் வழக்கமாக 12 மாதம் கழிந்து 2 மாத நோட்டீஸ். முத்திரை வரி உங்கள் செலவு, மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, உங்கள் கணக்குக்கு 336 வெள்ளி, கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்டிவிடுங்கள்.

புதுக்குடித்தனம்:
வீட்டுக்காரருக்கே எழுதிவிட்டேன், மீன் குழம்பு உட்பட. இன்னும் பதில் இல்லை, முகவர்தான் இரண்டு தடவை அழைத்துவிட்டார்.