சரக்கு ஆர்டரைக் கம்ப்யூட்டர் மாடல் போடும் இடத்தில் வேலை பார்க்கும் பெங்களூர்த் தமிழர்களே, உங்கள் அனுபவம்?

பெல்லந்தூர் ஸ்டாக்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். டார்க் ஸ்டோரில், அதாவது ஆப் ஆர்டர்களுக்கு மட்டும் சரக்கு வைத்திருக்கும் கடையில், ஸ்டாக் பார்க்கிறேன். எந்தப் பொருளுக்கு எந்த முறையில் ஆர்டர் போடுவது என்று மாடலே தேர்ந்தெடுக்கும்: தினமும் போடுவதா, அளவு குறைந்ததும் போடுவதா, வாரம் ஒருமுறை பார்த்து நிரப்புவதா.

இட்லி மாவு தினசரி வகையில் இருந்தது. நடுவில் சப்ளையர் வண்டி சரியாக வரவில்லை, காலை 7 மணிக்கே மாவு காலி. காலியான பிறகு விற்பனை பூஜ்யம்தானே? மாடல் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து, இந்த ஏரியாவில் மாவுக்குக் கிராக்கி குறைகிறது என்று ஆர்டரைக் குறைத்தது. குறைத்ததால் இன்னும் சீக்கிரம் காலி. அதைப் பார்த்து மறுபடியும் குறைத்தது. கடைசியில் மாவை மெதுவாகப் போகும் சரக்கு என்று வகை மாற்றி, வாரம் ஒருமுறை பார்க்கும் முறைக்குத் தள்ளிவிட்டது. மாவு, வாரம் ஒருமுறை!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஃப்ரிட்ஜில் மாவுத் தட்டில் விலைச்சீட்டு மட்டும் ஈரத்தில் சுருண்டு கிடக்கிறது. ஸ்க்ரீனில் பச்சை எழுத்தில் 'ஸ்டாக் போதுமானது'. தேவை பூஜ்யம், இருப்பு பூஜ்யம், அதன் கணக்கு நேர். தர்மபுரிப் பையன் ஒருவன் ஆர்டருக்குப் பொருள் எடுத்துக் கொடுக்கிறான். ஸ்க்ரீனைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், "போதுமாம்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆர்டரை எடுக்கப் போய்விட்டான். அந்த 'போதுமாம்' இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஜே.சி. ரோடு பார்ட்ஸ்

எங்களுக்கு ஆயுத பூஜை. வண்டிக்கு வைப்பர், பாலிஷ், சீட் கவர், ஹாரன் எல்லாம் அந்த வாரத்தில்தான் பறக்கும். 2023இல் பூஜை அக்டோபர் 23. மாடல் அதைக் கற்றுக்கொண்டு, 2024இலும் அக்டோபர் நாலாவது வாரத்துக்குச் சரக்கு வருகிற மாதிரி ஆர்டர் போட்டது. அந்த வருஷம் பூஜை 11ஆம் தேதி. கடைக்காரர்கள் வாசலில் வாழைக்கன்று கட்டி முடித்த பிறகு எங்கள் லாரி வந்து நிற்கிறது. டிரைவர் இறங்கி எலுமிச்சம்பழத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்து பில்லை நீட்டினார்.

மாடலின் டேட்டாவில் பண்டிகைத் தேதிகளையும் சேர்த்துக் கொடுங்கள் என்று டேட்டா டீமிடம் கேட்டோம். சேர்த்தார்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ், சுதந்திர தின சேல். ஆயுத பூஜையைக் காணோம்! 2025இல் பூஜை அக்டோபர் 1. அதாவது கூட்டம் முழுக்க செப்டம்பரில். மாடல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

நெலமங்கலா குடோன்

மாடலைத் திட்டும் கச்சேரியில் ஒரு அபஸ்வரம். எங்கள் குடோனில் ஒரு ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) எப்போதாவதுதான் போகும். கேட்டால் மட்டும் வாங்கு என்றது மாடல். மேனேஜர் ஒவ்வொரு தடவையும் ஓவர்ரைடு செய்து, அதாவது மாடலை மீறி, வாங்கி வைத்தார். ஆடிட்டர் பெட்டியைப் பிரித்தபோது ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது. மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான் என் கதை.

பெல்லந்தூர் நண்பருக்குச் சில யோசனைகள். முதலில், சரக்கு தீர்ந்த நேரத்தின் விற்பனையைப் பூஜ்யம் என்று மாடலுக்குக் கொடுக்கவே கூடாது. தகவல் இல்லை என்று விடச் சொல்லுங்கள். நீங்கள் பார்ப்பது விற்பனை, தேவை அல்ல. ஆப்பில் மாவு என்று தேடியவர்கள், 'வந்ததும் சொல்' பொத்தானை அழுத்தியவர்கள், இவர்களின் எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கொஞ்சம் கசப்பாக இருக்கும். ஒரு பாக்கெட் விற்றால் 10 ரூபாய் லாபம், வீணானால் 30 ரூபாய் நஷ்டம் என்று வையுங்கள். லாபம் 10ஐ, இரண்டின் கூட்டுத்தொகை 40ஆல் வகுத்தால் 0.25. அதாவது 4 நாளில் ஒரு நாள்தான் கேட்ட எல்லாருக்கும் மாவு கிடைக்க வேண்டும். மற்ற நாட்களில் தீர்ந்துபோவதுதான் கணக்குப்படி சரி. பேப்பர் விற்பவன் கணக்கு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தட்டு காலியாக இருப்பதை வைத்து மட்டும் மாடல் தப்பு என்று சொல்ல முடியாது. மூன்றாவது, சப்ளையரின் லீட் டைமை (ஆர்டர் போட்டுச் சரக்கு வந்து சேரும் நேரம்) வெறும் சராசரியாகக் கொடுக்காதீர்கள், அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் கொடுங்கள். நாலாவது...

பெல்லந்தூர் ஸ்டாக்

சார், நாலாவதை அப்புறம் வைத்துக்கொள்வோம். மாவு இல்லையென்றால் தேங்காய், கொத்தமல்லி, பால் எல்லாம் சேர்ந்து வேறு ஆப்புக்குப் போகிறது. அது உங்கள் 10 ரூபாயில் எங்கே இருக்கிறது? அதோடு எங்கள் மாடல் லாப நஷ்டம் பார்த்துத் தட்டைக் காலியாக வைக்கவில்லை. மாவை யாருமே கேட்கவில்லை என்று நம்பிவிட்டது. இரண்டும் ஒன்றா?

சர்ஜாபூர் சிமுலேட்டர்

மாடல் எழுதும் பக்கத்திலிருந்து ஒரு குரல். 2020இல் எம்5 என்று விற்பனையை முன்கூட்டிக் கணிக்கும் போட்டி நடந்தது. வால்மார்ட்டின் 10 கடைகள், 3,049 பொருட்கள். லைட்ஜிபிஎம் என்ற மெஷின் லேர்னிங் மென்பொருளை வைத்தவர்கள் முன்னே வந்ததும் ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் போட்டி அளந்தது ஃபோர்காஸ்ட்டை, அதாவது கணிப்பை மட்டும். எப்போது, எவ்வளவு வாங்குவது என்பது வேறு பரீட்சை. இங்கே பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறீர்கள் (குடோன் சார், நீங்கள் இல்லை).

நான் சேர்வதற்கு முன்பே ஒரு டீம், சிமுலேட்டருக்குள், அதாவது கம்ப்யூட்டரில் செய்த பொய்க் கடைக்குள், ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் ஏஜென்ட்டை (செய்து பார்த்து, லாப நஷ்டத்திலிருந்து கற்கும் மாடல்) பழக்கி வைத்திருந்தது. அதை நிஜத்தில் ஓடவிட்டதும் ஓசூர் சப்ளையர் போன் செய்தார்: "தம்பி, தினம் ஒரே ஒரு பெட்டி கேக்கறீங்க. அதுக்கு டெம்போ அனுப்பினா டீசலுக்கே கட்டாதுப்பா. கம்ப்யூட்டர் டீசல் போடுமா?" உள்ளே போய்ப் பார்த்தால் ஆர்டர் போடும் செலவு பூஜ்யம் என்று இருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலையான செலவு உண்டென்றால், ஒரு கீழ்மட்டம் வரை இறங்கவிட்டு, பிறகு மேல்மட்டம் வரை மொத்தமாக நிரப்புவதுதான் சிக்கனம் என்று பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் 1960லேயே நிரூபித்துவிட்டார். செலவே இல்லை என்று சொல்லிக் கொடுத்தால் ஏஜென்ட் பெட்டி பெட்டியாகத்தான் கேட்கும். சப்ளையர் சொன்ன டெம்போச் செலவைப் போட்டு மறுபடி பழக்கினோம். அது கண்டுபிடித்த முறை கிட்டத்தட்ட ஸ்கார்ஃப் சொன்னதேதான். மாடலைப் பழக்கும் ஜிபியு கம்ப்யூட்டர்களின் வாடகை மட்டும் கூடுதல்.

ஜே.சி. ரோடு பார்ட்ஸ்

குடோன் சார், உங்கள் மேனேஜர் ஓவர்ரைடு செய்தபோது ஸ்க்ரீனில் காரணம் கேட்கும் பெட்டி வந்ததா? எங்கள் ஆபீசில் வரும். எல்லாரும் 'மற்றவை' என்று அழுத்துவார்கள், ஏனென்றால் அதற்கு மட்டும்தான் அடுத்த பக்கம் திறக்காது. அந்த 'மற்றவை'யை வைத்துத்தான் மாடலுக்கு மறுபடி பயிற்சி கொடுக்கிறார்களாம்.