அக்வாலங் கருவியின் உண்மையான முன்னோடி யார்?

கேள்வி:
முதுகில் காற்று உருளையுடன் மூழ்க உதவும் அக்வாலங் கருவியைக் கண்டறிந்தவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ என்றே படித்திருக்கிறேன். ஆனால், அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முன்பே பிரான்சில் அத்தகைய கருவி இருந்ததாக நண்பர் ஒருவர் உறுதியாகக் கூறுகிறார். எது சரி?

மறுமொழி 1:
நண்பர் கூறுவது சரியே. சுரங்கப் பொறியாளர் பெனுவா ருக்கேரோல் சுரங்கப் பணிக்காக 1860-இல் உருவாக்கிய காற்றுச் சீராக்கியை, கடற்படை அதிகாரி ஓகுஸ்த் தெனெரூஸுடன் சேர்ந்து 1864-இல் நீர்மூழ்கலுக்கு ஏற்றதாக மாற்றினார். மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்து நீரழுத்தத்திற்கு நிகரான காற்றை அது தந்தது. ஆனால், அக்கால உருளைகளில் காற்றை உயர் அழுத்தத்தில் அடைக்க முடியாததால், பெரும்பாலும் மேலிருந்து குழாய் வழியாகவே காற்று அனுப்ப வேண்டியிருந்தது.

மறுமொழி 2:
கூஸ்தோவுடன் சேர்ந்து அக்வாலங்கை உருவாக்கிய பொறியாளர் எமில் கன்யானின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் போதிய அளவு நினைவுகூரப்படாதது எனக்கு வருத்தமே. போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில், எரிவாயுவால் கார்களை ஓட்டுவதற்கென அவர் வடிவமைத்த சீராக்கியே 1943-இல் அக்வாலங்கிற்கு அடிப்படையானது. மார்ன் ஆற்றில் நடந்த முதற்சோதனையில், கூஸ்தோ கிடைமட்டமாக நீந்தியபோது நன்றாக இயங்கிய கருவி, அவர் நிமிர்ந்தபோது காற்றை வீணே வெளியேற்றியது. வெளிமூச்சு வால்வும் சீராக்கியும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததால் ஏற்பட்ட அழுத்த வேறுபாடே காரணம் என்றுணர்ந்து, இரண்டையும் அருகருகே அமைத்ததும் குறை நீங்கியது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 1926-இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஈவ் லெ பிரியர் உருவாக்கிய மூழ்கு கருவியும் இவ்வாறுதான் இயங்கியதா?

மறுமொழி 1:
இல்லை ஐயா. அதில் உயர் அழுத்த உருளை இருந்தபோதிலும், காற்றோட்டத்தை மூழ்குபவரே கையால் திருகி அளவிட வேண்டும். ஆகவே காற்று விரைவில் தீர்ந்துவிடும்.