வெர்னியர் குரோனோஸ்கோப் கூடுதலாகக் காட்டுகிறது, எங்கே கோளாறு?

நாகர்கோவில்_லேப்:
வணக்கம். இங்கே ஒரு கல்லூரியில் உளவியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய வெர்னியர் குரோனோஸ்கோப் ஒன்று உண்டு, ஒளியோ ஒலியோ வந்ததும் ஒருவர் கீயை அழுத்த எவ்வளவு நேரம் எடுக்கிறார் (மறுவினை நேரம்) என்று அளக்கும் கருவி. மரப்பலகை, பித்தளைத் தூண், நூலில் தொங்கும் இரண்டு குண்டு, முன்னால் இரண்டு கீ. நடத்துபவர் தன் கீயை அழுத்தினால் நீள நூல் குண்டு கிளம்பும். எதிரே இருக்கும் பிள்ளை அழுத்தினால் குட்டை நூல் குண்டு கிளம்பும். இரண்டும் ஒன்றாகச் சேரும் வரை குட்டைக் குண்டின் ஆட்டத்தை எண்ணி 0.02-ஆல் பெருக்கினால் மறுவினை நேரம்.

ஒளிக்கு 240, 260 மில்லி நொடி வருகிறது. ஒலிக்கு 180, 200. வழக்கமாக ஒளிக்கு 180 முதல் 200, ஒலிக்கு 140 முதல் 160 தானே வர வேண்டும்? ஒன்றிரண்டு பேர் என்றால் பிள்ளைகள் தூக்கக் கலக்கம் என்று விட்டிருப்பேன், வகுப்பு முழுக்க இதே கதை. கீ ஸ்பிரிங்கில் உப்புக்காற்றுத் துரு இருந்தது, தேய்த்து எண்ணெய் விட்டேன். மாற்றமில்லை. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது.

தோவாளைக்காரன்:
ஈர்ப்பு விசையாக இருக்குமோ? கருவி அமெரிக்க வடிவம். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், இங்கே விசை குறைவு, ஊசல் மெதுவாக ஆடும்.

கொல்லங்கோடு_பிள்ளை:
அதைத் தூக்கி அலமாரியில் வையுங்கள். மொபைலில் ஆப் இருக்கிறது, இலவசம்.

பழைய_பெஞ்ச்:
ஆப் வேண்டாம். தொடுதிரை விரலை உணர்ந்து சொல்வதற்கே பத்துக்கணக்கில் மில்லி நொடி போய்விடும், அதுவும் மொபைலுக்கு மொபைல் மாறும்.

ஈர்ப்பு விசை விஷயம் உண்மைதான், ஆனால் வித்தியாசம் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதுவும் இரண்டு ஊசலையும் ஒரே விகிதத்தில்தான் மெதுவாக்கும். இந்தக் கருவியில் கடிகாரம் என்பது எந்த ஊசலும் இல்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். எட்மண்ட் சான்ஃபோர்ட் 1890-களில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் இதை வடிவமைத்தபோது நீள ஊசலுக்கு 0.80 நொடி, குட்டைக்கு 0.78 என்று வைத்தார். போய் வரும் முழு ஆட்டத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குட்டை 0.02 நொடி எட்டிப் பிடிக்கும். இதே வேலைக்கான ஹிப் குரோனோஸ்கோப் என்ற கடிகாரக் கருவி ஆயிரத்தில் ஒரு நொடி காட்டும்தான், ஆனால் எடைக்கல், நொடிக்கு ஆயிரம் தடவை அதிரும் தகடு, மின்காந்தம் என்று அது ஒரு தேர். இதற்கு இரண்டு நூல் போதும், மின்சாரமே வேண்டாம்.

தம்பி, ஒரு ஸ்கேலை இரண்டு கீ மேலும் படுக்க வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். குண்டுகள் சேர்ந்து கிளம்பி, பிரிந்து, மறுபடி சேரும். அதுவரை நீளக் குண்டு எத்தனை ஆட்டம் ஆடுகிறது? 39 வர வேண்டும். அதற்குள் குட்டை 40 ஆடியிருக்கும், இரண்டுக்கும் 31.2 நொடி.

நாகர்கோவில்_லேப்:
பார்த்தேன் அண்ணாச்சி. 39-ல் குட்டை இன்னும் பின்னாலேயே நிற்கிறது. 49-ல்தான் சேருகிறது. திரும்பச் செய்தாலும் 49, ஒரு தடவை 50.

பழைய_பெஞ்ச்:
அப்போ பிடிபட்டது. 49 நீள ஆட்டத்துக்கு 50 குட்டை ஆட்டம் என்றால், நீளம் சரியாக 0.80 இருந்தால் குட்டை 0.784. வித்தியாசம் 0.02 இல்லை, 0.016. நீங்கள் 0.02-ஆல் பெருக்குவதால் எல்லாம் கால் பங்கு கூடி நிற்கிறது. 240-ஐ 0.8-ஆல் பெருக்குங்கள், 192. பிள்ளைகள் மேல் குற்றமில்லை.

நீள ஊசல் நிமிடத்துக்கு 75 ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டையை ஸ்டாப்வாட்சில் அளக்கப் போகாதீர்கள். 50 ஆட்டத்தில் 0.2 நொடிதான் பிசகு, அது நம் கட்டைவிரலிலேயே கரைந்துவிடும். இந்தச் சேரும் கணக்குதான் கூர்மை.

குட்டை நூல் ஏன் நீண்டது? அதைச் சொல்லுங்கள். கொக்கியிலிருந்து குண்டின் நடு வரை 15.1 செ.மீ. இருக்க வேண்டும், நீளத்துக்கு 15.9. ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே 0.0026 நொடி போச்சு.

நாகர்கோவில்_லேப்:
75 சரியாக வருகிறது. குட்டை நூல் 15.2-க்கும் 15.3-க்கும் நடுவில். எனக்கு முன்னால் இருந்தவர் அது அறுந்தபோது தூண்டில் நரம்பு கட்டியிருக்கிறார். நீளத்தில் பழைய பட்டு நூல்தான்.

குளச்சல்_கரை:
நரம்பு என்றால் நைலான். ஈரம் குடித்தால் நீளும், அதைவிட முக்கியம் முடிச்சு. ஒற்றை முடிச்சு போட்டால் பாரத்தில் மெல்ல வழுக்கிக்கொண்டே இருக்கும். கடலில் மீன் போனால் தெரியும், ஆய்வகத்தில் எங்கே தெரிய? நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பின்னல் நூல் வாங்குங்கள், ஈரம் பிடிக்காது. முடிச்சில் ஒரு சொட்டு பசை விடுங்கள்.

பழைய_பெஞ்ச்:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் இரண்டுக்கும் ஒரே நூல் போடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே அளவு நீண்டால் வித்தியாசம் அநேகமாக அப்படியே இருக்கும், ஒன்று மட்டும் நீண்டதுதான் வினை. கட்டியதும் குண்டைத் தொங்கவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் திருகாணியில் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று, குண்டுகளை எவ்வளவு விலக்கிக் கீயில் மாட்டுகிறீர்கள்? 20 பாகை விலக்கினால் ஒரு ஆட்டம் 6 மில்லி நொடி நீளும், 10 பாகைக்கு ஒன்றரைதான். இரண்டும் ஒரே அளவு விலக வேண்டும். ஒரு கீ தாங்கி வளைந்திருந்தால் இதிலேயே கணக்கு கெடும்.

மனவியல்_மாணவி:
சேரும் கணத்தை யார் பார்ப்பது என்பதும் உண்டு. எங்கள் வகுப்பில் ஒருத்தி எப்போதும் ஒரு ஆட்டம் முன்னாலேயே "சேர்ந்துட்டு" என்பாள், அதற்கே 20 மில்லி நொடி. கிரீன்விச் வானாய்வகத்தின் தலைவர் மாஸ்கலைன் தன் உதவியாளர் கின்னபுரூக்கை 1796-ல் வேலையை விட்டு அனுப்பியது இதே மாதிரிப் பஞ்சாயத்துதான். நட்சத்திரம் கடக்கும் நேரம் இருவருக்கும் 0.8 நொடி வேறுபட்டது. பாவம் அந்த மனுஷன். ஒரு செட் முழுக்க ஒரே ஆளை எண்ண வையுங்கள், அல்லது குண்டுகளுக்கு நேர் எதிரே மொபைலை வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள்.

அப்புறம் கீக்கு அடியில் கம்பளித் துணி ஒட்டுங்கள். "டக்" காதில் விழுந்தால் ஒளிச் சோதனை ஒலிச் சோதனை ஆகிவிடும்.

நாகர்கோவில்_லேப்:
இரண்டு நூலும் மாற்றியாயிற்று. இப்போது 39-ல் சேருகிறது, சில தடவை 40. ஒளிக்கு 180, 200, ஒலிக்கு 140, 160. வலது பக்கத் தாங்கி கொஞ்சம் வளைந்துதான் இருந்தது, நிமிர்த்திவிட்டேன். பழைய பதிவேட்டில் இருப்பதை 0.8-ஆல் பெருக்கித் திருத்தலாமா?

பழைய_பெஞ்ச்:
நரம்பு எப்போது வழுக்க ஆரம்பித்தது என்று தெரியாமல் முழுப் பதிவேட்டையும் திருத்தாதீர்கள். இந்தப் பருவத்து எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுங்கள், போதும்.

மார்த்தாண்டம்_கடிகாரம்:
இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ரிப்பேருக்கு ஒரு மின்சாரக் குரோனோஸ்கோப் வந்திருக்கிறது, 110 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுகிறேன். 10 நொடிக்கு 8.3 காட்டுகிறது. பல்சக்கரம் எல்லாம் சுத்தம்.

பழைய_பெஞ்ச்:
பின்பக்கத் தகட்டைப் பாருங்கள், 60 என்று போட்டிருக்கும். அந்த மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்து ஓடுவது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், நம் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. காட்டுவதை 1.2-ஆல் பெருக்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சூடாகும், நெடுநேரம் ஓட விட வேண்டாம்.

மார்த்தாண்டம்_கடிகாரம்:
60தான் போட்டிருக்கு. பல்சக்கரத்தைக் கழற்றி மாட்டினது வீண்.