மடிப்புச் சைக்கிளைச் சீரமைக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மலைநாட்டு நகரான ஹட்டனில் எங்கள் வீட்டுப் பின்புறம் பல மழைக்காலங்களாக நனைந்துகிடந்த 20 அங்குல மடிப்புச் சைக்கிளை, மகள் பாடசாலை செல்வதற்காக 15,000 ரூபாவுக்குள் சீரமைக்க முயல்கிறேன். வினாகிரியில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்ததும் ரிம்மின் (சக்கர வளையத்தின்) மேல்துரு நீங்கிப் பளபளப்புத் திரும்பியது. ஆசனக் குழாயோ இரண்டு நாள் எண்ணெயில் ஊறியும் அசையவில்லை.

என்னைப் பெரிதும் கவலைப்படுத்துவது மடியும் மூட்டுத்தான். அதன் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போன்ற கோடொன்று தெரிகிறது. அது பெயின்டின் வெடிப்பா, இரும்பின் வெடிப்பா என்பதைச் சுரண்டிப் பார்த்தும் அறிய முடியவில்லை. இரும்பு ரிம்மில் பிரேக் மழையில் சரியாகப் பிடிக்காது என்பதால், இந்த இறக்கங்களில் பிள்ளையை அனுப்ப அச்சமாக உள்ளது.

மூட்டைச் சோதிக்கும் முறையையும், பழைய அலுமினிய ரிம் கிடைக்கும் இடத்தையும் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.