பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோவையில் ஒரு சிஎன்சி (கணினி புரோகிராம் மூலம் இயங்கும் மெஷின்கள்) பட்டறையில் சம்பளக் கணக்கும் ஆட்கள் விஷயமும் பார்க்கிறேன். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அடுத்த நிதியாண்டில் பயிற்சிக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டேன். "எவ்வளவு, எந்தக் கணக்கில்?" என்கிறார் முதலாளி. நியாயமான கேள்வி.

மலேசியாவில் 10 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் சம்பளத்தில் 1 சதவீதம் பயிற்சி நிதிக்குக் கட்டுகின்றன. சிங்கப்பூரில் 0.25 சதவீதம். இங்கே 30 பேர் இருந்தாலே ஆட்கள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் (தொழில் பழகுபவர்) எடுக்க வேண்டும், ஆனால் அது புதிதாக வருகிறவர்களுக்கு. பல வருடமாக லேத்தில் நிற்கும் அண்ணன் புரோகிராம் போடக் கற்க வேண்டுமென்றால் அந்தச் செலவு யாருடையது? நிறுவனத்துடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வகுப்புக் கட்டணம் பெரிதல்ல. அவர் மூன்று நாள் போனால் மெஷின் நிற்கும், அல்லது இன்னொருவருக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும். அதையும் பயிற்சிச் செலவில் சேர்ப்பீர்களா?

கற்றதும் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்று, இத்தனை வருடம் வேலையை விடமாட்டேன் என பாண்ட் எழுதி வாங்கச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை, கற்றவருக்குச் சம்பளம் உயர்த்துவதே சரி என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? ஆட்கள் தங்கினார்களா? 50 பேருக்குள் உள்ள நிறுவனங்களில் சம்பளத்தில் எத்தனை சதவீதம் ஒதுக்குகிறீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி. மாதக் கடைசியில் பட்ஜெட் முடிவாகிறது.