டால்ஸ்டாயின் கடைசி நாட்கள் பற்றிய படம்: மனைவியை உள்ளே விடாதது நிஜமா?

லெனேசியா வாசகி:
'தி லாஸ்ட் ஸ்டேஷன்' (2009) பார்த்தேன். டால்ஸ்டாயின் மனைவி சோஃபியாவாக வரும் ஹெலன் மிரனிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. 48 வருஷம் கூட வாழ்ந்த மனைவி ரயிலடியில் நிற்கிறார், உள்ளே கணவர் சாகக் கிடக்கிறார், அவரை உள்ளே விடவில்லை. இது நடந்ததா, படத்துக்காகச் சேர்த்ததா? கூடப் பார்த்த அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்கள் தமிழ்ப் பள்ளியில் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டலாமா?

சாட்ஸ்வர்த் தம்பி:
நடந்ததுதான் அக்கா. 1910இல், 82 வயதில், டால்ஸ்டாய் மருத்துவர் மக்கோவிட்ஸ்கியை மட்டும் கூட்டிக்கொண்டு இருட்டோடு வீட்டை விட்டுக் கிளம்பினார், வழியில் நிமோனியா வந்து அஸ்தாபவோவில் இறக்கி ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் படுக்க வைத்தார்கள். அவர் போய்விட்டது தெரிந்து சோஃபியா குளத்தில் விழுந்ததும் நிஜம். தனி ரயிலில் வந்து சேர்ந்தவரை, கணவருக்கு நினைவு தப்பிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். அங்கே அவர் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதை அன்றைக்கே படம் பிடித்திருக்கிறார்கள். ஆனால் படத்தைப் பார்த்தால் எல்லாம் டால்ஸ்டாயின் சீடர் செர்ட்கோவ் வேலை என்று தோன்றும், அது சரியில்லை. சோஃபியாவைக் கண்டால் அப்பாவின் உடம்பு தாங்காது என்று பிள்ளைகளும் மருத்துவர்களும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். படத்தில் வரும் இளம்பெண் மாஷா மட்டும் கற்பனைப் பாத்திரம்.

பீனிக்ஸ் ஆசிரியர்:
கட்டாயம் போடுங்கள் அம்மா, ஆனால் அதற்கு முன்னால் பத்து நிமிஷம் பேசுங்கள். 1910 ஜூலையில் டால்ஸ்டாய் காட்டுக்குள் போய், தன் எழுத்துகளின் உரிமை மனைவிக்குப் போகாதபடி ரகசியமாக உயில் எழுதிக்கொண்டிருந்தபோது, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் லாலியில் காந்தியின் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. காந்தியின் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர். சிறைக்குப் போன சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்கிய இடம், அதில் தமிழர்கள் நிறைய. அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்தியே, அதுவும் கப்பலிலும் ஜெயிலிலும் கற்ற அரைகுறைத் தமிழை வைத்து! செப்டம்பரில், சாவதற்கு இரண்டே மாதம் முன்னால், டால்ஸ்டாய் காந்திக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர் நடத்தும் போராட்டத்தை உலகத்துக்கே முக்கியமான வேலை என்கிறார். 1908இல் இந்தியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இன்னா செய்யாமை அதிகாரத்துக் குறள்களையும் எடுத்துப் போட்டிருக்கிறார். வீட்டுக்குள் அத்தனை சண்டைக்கு நடுவில் இந்த மனுஷர் நம் ஆட்களையும் நினைத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்து பார்த்தால் அந்தக் கிழவர் வேறு மாதிரித் தெரிவார்.

லெனேசியா வாசகி:
நன்றி ஐயா, பண்ணை தெரியும், குறள் விஷயம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஆனாலும் செர்ட்கோவை என்னால் மன்னிக்க முடியவில்லை. 'போரும் அமைதியும்' நாவலைத் திரும்பத் திரும்பக் கையால் படியெடுத்துக் கொடுத்தவர் சோஃபியா. அவரிடம் மறைத்து உயில் எழுத வைப்பதா?

பீனிக்ஸ் ஆசிரியர்:
உங்கள் கோபம் நியாயம். உயில் விஷயத்தில் நானும் சோஃபியா பக்கம்தான். ஆனால் 90 தொகுதிகளாக வந்த முழுப் பதிப்பைத் தொடங்கி வைத்து 1936இல் சாகும்வரை அதற்காக உழைத்தவரும் செர்ட்கோவ்தான், அதையும் சொல்ல வேண்டும்.

சாட்ஸ்வர்த் தம்பி:
அக்கா, ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. படுக்கையறைக் காட்சி இருக்கிறது. பாட்டிமார்களை உட்கார வைப்பதற்கு முன்னால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.