இரவு வீடியோவில் கறுப்புப் பட்டைகள், பகலில் கமரா சூடேறி நிற்கிறது: உதவி தேவை

முல்லைக்கரை:
வணக்கம். பெரியம்மாவின் மகன் கனடாவில் இருந்து வந்தபோது ஒரு மிரர்லெஸ் கமரா கொண்டுவந்து தந்தார். நந்திக்கடலில் வீச்சுவலை எறியும் ஒரு ஐயாவைப் பேட்டி எடுக்கப்போகிறேன். வயது எண்பதைத் தாண்டியவர். ஒரே கதையை இரண்டு தரம் சொல்ல வைக்க மனமில்லை. அதனால் ஞாயிறு தம்பியை இருத்தி ஒரு பரீட்சை.

வட்டுவாகல் பாலத்தடியில், நல்ல உச்சி வெயிலில், 4கே, செக்கனுக்கு 60 பிரேமில் வைத்தேன். இருபது நிமிடம் போகவில்லை, வெப்ப எச்சரிக்கை காட்டிக் கமரா நின்றுவிட்டது. இரவு ஐயா வீட்டு விறாந்தையில் எல்ஈடி பல்ப் வெளிச்சத்தில், 30 பிரேம், ஷட்டர் 1/60 செக்கன். சுவர் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஊர்கின்றன. கமராவின் சின்னத் திரையில் கண்ணில் படவில்லை, கணினியில் போட்ட பிறகுதான் தெரிந்தது. கமரா பழுதா?

மாங்குளத்தான்:
பழுதில்லை தம்பி. கனடா என்றீர்களே, அங்கேதான் விஷயம். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், எங்களுக்கு 50. அதனால் இங்கே பல்ப் செக்கனுக்கு 100 தரம் துடிக்கும். 1/60 ஷட்டருக்குள் ஒரு துடிப்பு முழுதாகவும் அடுத்தது அரைகுறையாகவும் அகப்படும். சென்சர் வரிவரியாக வாசிப்பதால் ஒரு வரிக்கு வெளிச்சம் கூட, இன்னொன்றுக்குக் குறைவு. அதுதான் பட்டை. 1/50 வைத்தால் சரியாக இரண்டு துடிப்பு.

மெனுவில் வீடியோ முறையை என்டிஎஸ்சியில் (60 ஹேர்ட்ஸுக்கானது) இருந்து பாலுக்கு (PAL, 50 ஹேர்ட்ஸுக்கானது; குடிக்கிற பால் இல்லை) மாற்றுங்கள். 25 பிரேம், 1/50. பல கமராக்கள் அப்போது மெமரி காட்டை ஃபோர்மட் செய்யச் சொல்லும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எடுத்ததை முதலில் பிரதி எடுத்து வையுங்கள்.

கனகாம்பரம்:
30 பிரேம்தான் வேண்டுமென்றால் ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100 ஆக்கினாலும் பட்டை போகும். ஆனால் சில மலிவு பல்ப்கள், டிமரில் ஓடுபவை, தங்கள் இஷ்டத்துக்குத் துடிக்கும். அவற்றுக்கு இந்தக் கணக்கு சரிவராது. பல்பை மாற்றுவதுதான் வழி.

சூட்டுக்கு: பேட்டிக்கு 60 பிரேம் எதற்கு? 25 போதும், சென்சருக்கும் வேலை குறையும். திரையை உடலில் இருந்து வெளியே திருப்பி விடுங்கள், பின்பக்கத்துச் சூடு வெளியேறும். கமராவுக்கு மேல் ஒரு குடை.

குட்டிப்பையன்:
அண்ணா, ஐஸ் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால்?

மாங்குளத்தான்:
வேண்டவே வேண்டாம். குளிர்ந்த கமராவை எங்கள் ஈரக்காற்றில் எடுத்தவுடன் லென்ஸில் நீர் படியும், உள்ளேயும் படியலாம்.

முல்லைக்கரை:
அண்ணாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. பாலுக்கு மாற்றினேன், விறாந்தையில் பட்டை இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அலங்கார பல்ப் மட்டும் அடங்கவில்லை, அதை அணைத்துவிட்டேன். காலை ஆறரைக்குப் பூவரசு நிழலில் 50 நிமிடம் நிற்காமல் ஓடியது. மைக்குக்கு நுரை உறைதான் போட்டிருந்தேன், சோளகக் காற்று அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. மயிர் உறை வாங்கவேண்டும்.

இப்போது இன்னொன்று. 1/50 வைத்ததும் பகலில் தண்ணீரும் வானமும் வெள்ளையாகிவிட்டன. ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளியுணர்வு) 100க்குக் கீழே போகாது.

கனகாம்பரம்:
ஷட்டர் வேகத்தைக் கூட்டாதீர்கள், வலை விரியும் அழகு வெட்டுப்படும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/50 என்றால் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 22 வரை போகவேண்டும், அதில் படம் மங்கும். லென்ஸுக்கு முன்னால் ஒரு என்டி 16 கண்ணாடி (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால் வெளிச்சம் நான்கு ஸ்டொப், அதாவது பதினாறில் ஒரு பங்காகக் குறையும், எஃப் 5.6இல் எடுக்கலாம். லென்ஸின் முன்வளையத்தில் விட்டத்தை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள், அந்த அளவைப் பார்த்து வாங்குங்கள்.

முல்லைக்கரை:
67 என்று போட்டிருக்கிறது அக்கா. கிளிநொச்சியில் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணம் போகிறேன். ஐயாவிடம் அடுத்த கிழமை என்று சொல்லியாகிவிட்டது.